ஒரு கம்பியை இறக்கினால்

ஆறாம் கம்பியை ஈ-யிலிருந்து டி-க்கு இறக்கு.
முடிந்தது என்று எழும்பிவிடாதே.
மற்ற ஐந்தும் சொல்லாமல் ஏறியிருக்கும்.
அவற்றை இறக்கப் போனால்
ஆறாவது மறுபடி மேலே.

மரத்தில் இறுக்கிய பிறிட்ஜ் அல்ல இது,
இரண்டு கத்திமுனைகளில் மிதக்கிறது.
முன்னால் கம்பிகள் இழுக்கின்றன,
முதுகுக் குழிக்குள் ஸ்பிறிங்குகள் இழுக்கின்றன.
நடுவில் சமாதானம் என்று எழுதினேன், வெட்டினேன்.
இந்த ஊரில் அந்தச் சொல்லைக்
கவனமாகத்தான் கையில் எடுக்க வேண்டும்.
நடுவில் இழுபறி. அவ்வளவுதான்.

நான் சீனக்குடா மா ஆலையில் பிற்றர்.
இரவு முறை முடிந்து வந்து
நகத்திடுக்கு மாவைக் கழுவி
விசிறியை நிறுத்தி
தரையில் துவாய் விரித்துக்
கிற்றாரைக் குப்புறக் கிடத்துவேன்.
பின்மூடியில் திருகாணி இரண்டுதான் மிச்சம்,
நாலை உப்பு தின்றுவிட்டது.
கம்பியும் அப்படித்தான், பதினைந்து நாளில் கறுக்கும்.
ஒன்றைக் கழற்றி ஒன்றைப் பூட்டு.
ஆறையும் ஒன்றாய்க் கழற்றினால்
பிறிட்ஜ் உள்ளே விழுந்துவிடும்,
பிறகு விடியும்வரை வேலை.

றொமோலாவுக்குக் கழுத்தில் வெட்டியது மாசியில்.
தையல் பிரித்துத் திரும்பிய மத்தியானம்
பஸ் நிலையத்தில் ஒரு மான்
அவளுடைய மருந்துத் துண்டை மென்றுவிட்டது.
சிரித்தாள்.
சிரிப்பு பழைய இடத்துக்கு ஏறவில்லை,
பாதிப்படியில் நின்று மூச்சு வாங்கியது.

அன்றிரவுதான் இறக்கினேன்.
டி ஏ டி ஜி ஏ டி.
தடித்ததில் ஒன்று, மெல்லியதில் இரண்டு.
ஒரு ஸ்பிறிங்கைக் கழற்றி டப்பாவில் போட்டேன்.
உள்ளே கொக்கித்தகட்டின் திருகாணியைக்
கால் சுற்று தளர்த்தி, கம்பிகளைப் பார்த்து,
அரைக்கால் சுற்று இறுக்கி, மறுபடி பார்த்து.
எனக்காகவா என்று அவள் கேட்கவில்லை.
சும்மாதான் என்று சொன்னேன்,
கேட்காத கேள்விக்கு.

'அஞ்சு ரூபாய்க் குத்தி மூன்றை அடியில் செருகு மச்சான்,
செத்தாலும் அசையாது' என்றான்
பேஸ் வாசிக்கும் பிரதாபன்.
சரியான யோசனை. செருகினேன்.
சனிக்கிழமை உப்புவெளி ஹோட்டலில்
ஒரு கம்பியும் விலகவில்லை.
ஆனால் தண்டும் அசையவில்லை.

அவளுடைய குரலில் இப்போது
வரியின் கடைசியில் ஒரு நடுக்கம் உண்டு.
நான் தண்டை மெல்ல அழுத்தினால்
இருவரும் வேண்டுமென்றே செய்ததுபோல் கேட்கும்.
அன்று அது தனியாய்க் கேட்டது.
இறால் தின்றுகொண்டிருந்த வெள்ளைக்காரக் கிழவர்
முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தார்.

குத்திகளை எடுத்துவிட்டேன்.
பதினைந்து ரூபாய்.
அதற்கு இப்போது ஒரு ரொபியும் ஒழுங்காய் வராது.

மார்கழியில் அவள் தம்பி அல்றிக்
கரோலுக்கென்று கிற்றாரை வாங்கிப்போனான்.
'ரியூன் முழுக்க விலகிக் கிடந்தது அண்ணா,
சரியாக்கித் தந்திருக்கிறேன்.'
பிறிட்ஜ்
அணியம் அமிழ்ந்த வள்ளம்போல் முன்னே சாய்ந்திருந்தது.
கம்பிக்குக் கீழே சுண்டுவிரல் போகும்.
ஒன்றும் சொல்லவில்லை நான்.
பிள்ளை நல்லதைத்தான் செய்திருக்கிறான்.

ஆக, மறுபடி துவாய், மறுபடி குப்புற.
இரண்டாம் நாள் இரவு கரண்ட் போய்விட்டது.
ரியூனரில் பற்றரியும் இல்லை.
றொமோலா டோர்ச் பிடித்தபடி
'டி தானே?' என்று முனகினாள்.

அவளுடைய டி
உலகத்து டி-யைவிட ஒரு மயிரிழை கீழே.
எல்லாவற்றையும் அதற்கே வைத்தேன்.

மூன்றாம் கம்பி மட்டும் இன்னும் ஏறுகிறது.
நாளைக்கு இன்னொரு கால் சுற்று.